ஆறு முட்டுக்கட்டைகள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ரயிலை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது உருண்டுகொண்டிருந்த ஓர் எலுமிச்சம்பழம். பூசைக்கு வாங்கி வந்த பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். வேகன்கள் நிறுத்தும் யார்டில், தண்டவாளத்தை ஒட்டிய சிமெண்டு வாய்க்காலில் மெதுவாகப் புறப்பட்டு, போகப் போக வேகம் பிடித்து, எஞ்சின் கொட்டகையின் வாசற்கல்லில் முட்டி நின்றது. யாரும் அதை உதைக்கவில்லை. காற்றும் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, “யார்டு சமதளம் அல்ல” என்று எழுதினேன்.

சிங்கப்பூருக்கு ரயில் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் வேலை பார்த்த தமிழ் வாரப் பத்திரிகையில், பாதையிலுள்ள நிலையங்களைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதும்படி முதலாளி சொல்லியிருந்தார். யார் கட்டினார்கள், எதைக் கொண்டு கட்டினார்கள், எத்தனை வாசல், எத்தனை சன்னல் என்பதெல்லாம் வேண்டும். ஊரிலுள்ள உறவினருக்கு எங்கள் பத்திரிகையைத் தபாலில் அனுப்பும் வாசகர்கள் அதை விரும்பினார்கள். நான் அன்று போயிருந்தது மூன்றாவது நிலையம். நகரத்திலிருந்து ஒரு மணிக்குக் குறைவான பயணம். கருங்கல் மலையின் அடிவாரத்தில் ஒரே கடைத்தெரு உள்ள சிற்றூர். ஆயுதபூசை நாளாகப் பார்த்துப் போனேன். அன்று கூலிகளுக்கு வேலை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் குடை. அவரே என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

பயணிகள் நிலையத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு டிக்கெட் சன்னல். கட்டடம் என்று சொல்லத்தக்கது எஞ்சின் கொட்டகைதான். நீளம் எண்பது அடி, அகலம் முப்பது. பக்கத்துக்கு ஒன்பது செங்கல் தூண்கள். தூண்களுக்கு இடையே வளைவுகள். வளைவுகளை இரும்புக் கம்பிகள் அடைத்திருந்தன. உத்தரங்கள் செங்கால் என்ற மலாய் நாட்டு வன்மரம். புகை போவதற்காகக் கூரையின் முதுகில் இன்னொரு சின்னக் கூரை தூக்கி நின்றது. முகப்புச் சுவரின் உச்சியில் வண்டிச்சக்கரம் போல ஆறு ஆரங்கள் கொண்ட வட்டச் சன்னல். தரையில் தண்டவாளங்களுக்கு நடுவே, ஓர் ஆள் இறங்கி நின்று எஞ்சினின் வயிற்றைப் பார்க்கும் ஆழத்துக்குக் குழி.

“இந்தச் செங்கல் எங்கத்தைய எண்டு நினைக்கிறீர்?” என்று குடை நுனியால் ஒரு தூணைத் தட்டினார் ஸ்டேஷன் மாஸ்டர். “இடிச்ச பழைய மறியற்கூடத்துச் செங்கல். கைதியள் சுட்டது. இஞ்ச பாரும்.”

ஒரு செங்கல்லில் பெருவிரல் பதிந்திருந்தது. வேகும் முன் பச்சை மண்ணில் அழுத்திய விரல். நகத்தின் பிறைகூடத் தெரிந்தது.

கொட்டகையின் சரித்திரத்தையும் அதே குரலில் சொன்னார். அடியில் சதுப்பு நிலம். மரக் கம்பங்களை இறக்க மேலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு அடித்தார்கள். ஒருநாள் சங்கிலி அறுந்து, கம்பத்தைப் பிடித்திருந்தவர் மேல் குண்டு இறங்கியது. அவருடைய உடலை எடுத்தபோது கழுத்து இல்லை என்றார். தண்ணீர்த் தொட்டி கட்டிய வாரம் லயன் எனப்பட்ட கூலி வரிசை வீடுகளில் இரண்டின் ஆட்களுக்குள் குழாயடிச் சண்டை. ஒருவரின் காதைக் கடித்து எடுத்துவிட்டார்கள். காது கிடைக்கவில்லை, நாய் தூக்கிப் போயிருக்கும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

“யார்டு ஏன் சரிவாக இருக்கிறது?” என்று கேட்டேன்.

மேற்கே கையைக் காட்டினார். யார்டின் மேல்முனையில் தண்டவாளத்துக்கு அடியில் கரும்பாறை ஒன்று திமில் போலக் கிடந்தது. “படம் வேற ஊருக்குக் கீறினது. அது சமதரை. இஞ்ச பாறை இருக்கெண்டு படத்துக்குத் தெரியாதே. உளி முழுக்க முறிஞ்சு போச்சு. வெடி வைக்கக் காசில்லை, நாளில்லை எண்டு சொல்லிப் பாறைக்கு மேலாலயே போட்டுட்டினம். இருநூறு அடிக்கு இரண்டரை அடி இறக்கம். யார்டில என்ன கழண்டாலும் கொட்டகைக்குள்ளதான் வரும். அதை எழுதிப்போடாதையும், என்ர வேலை போயிடும்.”

பாறையின் மேல், கருங்கல் ஏற்றிய மூன்று வேகன்கள் ஒன்றோடொன்று கோத்து நின்றன. மறுநாள் காலை ரயிலோடு நகரத்துக்குப் போக வேண்டியவை. அவற்றின் பிரேக் தேய்ந்து போனவை. ஆகவே அவற்றைப் பிடித்து நிறுத்துவது முட்டுக்கட்டைகள். ஒரு முழ நீளம், ஆப்பு வடிவம், செங்கால் மரம், தூக்குவதற்கு ஓர் இரும்பு வளையம். வேகனுக்கு இரண்டு வீதம் ஆறு. அவற்றை வைப்பதும் எடுப்பதும் ஒரே ஆளின் வேலை. அவரைக் கட்டைக்காரர் என்றார்கள். நாற்பது வயதிருக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை; அதுவும் ஒரு வேகன் எடுத்துக்கொண்டதுதான். லயனில் மனைவியோடு இருந்தார்.

கொட்டகைக்குள் பூசைக்கு ஏற்பாடு நடந்தது. எஞ்சின் நெருப்பு அணைத்து, கழுவி, வாசலைப் பார்த்து நின்றது. அதன் முகத்தில் சந்தனம், குங்குமம், இரு பக்கமும் வாழை, கரும்பு. வலப்புறச் சுவர் ஓரமாக வெள்ளை வேட்டி விரித்து, சரசுவதி படத்துக்கு முன்னால் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூலிகளின் தலைவரான மண்டோர் நின்று மேற்பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தடித்த ஆள். பிரம்பு எப்போதும் கையில் இருக்கும் என்றார்கள். அன்று அதுவும் வேட்டியின் மேல் கிடந்தது.

“எல்லாம் வந்திருச்சாடா? ஒரு ஆணிகூட வெளிய கெடக்கக் கூடாது.”

“கட்டையத் தவிர எல்லாம் வந்திருச்சு மண்டோரே,” என்றார் கட்டைக்காரர்.

“கட்டை என்ன, கருவி இல்லாம ஒன் பொண்டாட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். கட்டைக்காரரும் சிரித்தார்.

“வேகன் நிக்குதே.”

“போன வருசம் ஒரு சம்மட்டிய வெளியில விட்டோம். மூணாம் வாரம் அதே சம்மட்டி தலை கழண்டு ஒருத்தன் கண்ணப் புடுங்கிருச்சு. இந்த வருசம் யாரு கண்ணு? ஒன்னுதா?”

அந்தக் கண் போனவர் அங்கேயே நின்றிருந்தார். பேச்சு அவரைத் தாண்டிப் போயிற்று. பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது. வைக்காமல் விட்ட கருவி கோபித்துக்கொள்ளும். அங்கிருந்தவர்களில் இதைச் சந்தேகித்தவர் யாரும் இல்லை.

“சரி மண்டோரே. கல்லு வச்சு முட்டுக் குடுத்துட்டு எடுத்தாறேன்,” என்றார் கட்டைக்காரர். சற்று யோசித்து, “ஒரு ராத்திரிதானே. கல்லே போதும்,” என்றும் சொன்னார்.

கடைசி வாக்கியத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

இரண்டு இரண்டாக மூன்று நடையில் கட்டைகளைச் சுமந்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமப் பொட்டும் வைத்து, வேட்டியின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்கள். நான் நோட்டில் பட்டியல் எழுதினேன். சம்மட்டி பதினொன்று. கடப்பாரை ஒன்பது. முறுக்குச் சாவி ஏழு. எண்ணெய்க் குவளை இரண்டு. விளக்கு நான்கு. பிரம்பு ஒன்று. முட்டுக்கட்டை ஆறு.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு நடுகல்லை முனியாக வைத்திருந்தார்கள். அங்கே மண்டோரின் தம்பி சேவல் அறுத்தார். எஞ்சின் துடைக்கும் வேலை அவருக்கு. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. சேவலின் தலை கையில் இருக்க, உடல் எழுந்து நாலைந்து எட்டு ஓடி, சுவரில் மோதி விழுந்தது. அவர் விரலில் இரத்தம் தொட்டுக் கொட்டகையின் வாசற்கல்லில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். எலுமிச்சம்பழம் இன்னும் அங்கேயே கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து எஞ்சின் சக்கரத்தின் அடியில் வைத்தார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மழை பிடித்தது. வழக்கமான மழை; மலை தெரியாமல் போயிற்று. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசுவது கேட்கவில்லை.

மரம் நனைந்தால் இரும்பைப் பிடிக்கும். கல் நனைந்தால் வழுக்கும். இதைப் பிற்பாடு மூன்று பேர் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள்.

நான்கு மணி பதினொன்று. தம்பி பூசணிக்காயைத் துளைத்து உள்ளே குங்குமம் கொட்டி, உடைப்பதற்காக எஞ்சினுக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு இடப்பக்கம், எஞ்சினுக்கு எண்ணெய் விடும் எண்ணெய்க்காரர் கற்பூரத்தட்டோடு குனிந்திருந்தார். கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் கூரையில் முட்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. வாசலின் வெளிச்சம் குறைந்தது. மழை வலுக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு வேகனின் முகம் வந்துகொண்டிருந்தது. ஓடுகிற மனிதனின் வேகம்தான். சத்தமே இல்லை. மூன்று வேகன் கருங்கல்லும் அதன் பின்னால் இருந்தது.

எண்ணெய்க்காரர் நிமிரவில்லை. வேகனின் முகப்பு இரும்பும் எஞ்சினின் முகப்பு இரும்பும் சந்தித்த இடத்தில் அவர் தலை இருந்தது. தேங்காய் உடைப்பது போன்ற சத்தம் ஒன்றுதான் வந்தது. தட்டு உருண்டுபோய்க் குழிக்குள் விழுந்து, கற்பூரம் அங்கேயும் எரிந்தது.

தம்பி நின்றபடியே இருந்தார். இடுப்புக்குக் கீழே இரண்டு இரும்புக்கும் நடுவில் அகப்பட்டிருந்தார். அங்கே ஒரு சாண் இடம்கூட இல்லை. இரண்டு கைகளாலும் பூசணிக்காயைப் பிடித்திருந்தார். அது உடையவில்லை. முதலில் அவர் கத்தவே இல்லை. பூசணிக்காயைக் கீழே வைக்க இடம் தேடுபவர் போலப் பார்த்தார். பிறகு கத்தினார்.

வேகனை நெம்ப வேண்டும். கடப்பாரை ஒன்பதும் பத்தடி தூரத்தில் வேட்டியின் மேல் கிடந்தன. ஏழெட்டுப் பேர் அதை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்கள் வேட்டியின் விளிம்பில் நின்றார்கள். கயிறு கட்டி இழுத்து நிறுத்தியது போல எல்லாரும் ஒரே கோட்டில் நின்றார்கள். ஒருவர் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

புகைக்கு அப்பாலிருந்து மண்டோரின் குரல் வந்தது. “பூசையில வச்சதத் தொடாதீங்கடா. தோளக் குடுத்துத் தள்ளுங்க.”

அவர் நின்ற இடத்திலிருந்து எஞ்சினின் முன்பக்கம் தெரியாது. அகப்பட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டும் தெரிந்தன.

தோள் கொடுத்தார்கள். பதினான்கு பேர். கல் ஏற்றிய வேகன், மேட்டை நோக்கித் தள்ள வேண்டும், தரையெல்லாம் எண்ணெயும் மழைத்தண்ணீரும். கால்கள் வழுக்கின. ஓரங்குலம் போன வேகன் ஓரங்குலம் திரும்பி வந்தது. அது திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் தம்பியின் அலறல் உயர்ந்தது.

“அண்ணே,” என்றார் தம்பி. “அண்ணே, நாந்தாண்ணே.”

மண்டோர் புகையைத் தாண்டி வந்து பார்த்தார்.

அப்போது குடையை மடக்காமலே உள்ளே வந்த ஸ்டேஷன் மாஸ்டர், நேராக வேட்டியின் மேல் பூட்சுக் காலோடு ஏறி, ஒரு கடப்பாரையை எடுத்தார். “உதைத் தொட ஏலாதெண்டா மனிசன் செத்துப்போவான். எடுங்கோடா. பாவம் எண்டா என்ர தலையில விழட்டும்.” அதற்குப் பிறகு எல்லாரும் எடுத்தார்கள். என் கடிகாரத்தில் நாலு பதினாறு. வேகன் நகர்ந்து அவரை வெளியே எடுத்தபோது நாலு இருபத்து மூன்று. கால்கள் இரண்டும் தோலால் மட்டுமே உடம்போடு இருந்தன.

அப்போதுதான் கட்டைக்காரர் யார்டிலிருந்து தள்ளாடி வந்தார். வேகன் நகரத் தொடங்கியபோது மேலேதான் நின்றிருக்கிறார். கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுப் போட்டுக் கூடவே ஓடியிருக்கிறார். சக்கரம் ஒரு கல்லோடு சேர்த்து அவருடைய உள்ளங்கையையும் கிழித்து, அவரைப் பாதையோரம் தள்ளிவிட்டிருந்தது; எழுந்து வர இவ்வளவு நேரம். வாசலில் வந்து நின்று, “மண்டோரே,” என்றார்.

மண்டோர் எஞ்சினில் கட்டியிருந்த கரும்பைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தார். கரும்பு முறிகிறவரை அடித்தார், இன்னொன்றைப் பிடுங்கினார். அது கருவி அல்ல. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரைமணி நேரத்துக்கு முன்பு அவரோடு சிரித்தவர்கள்தான். ஒற்றைக்கண்ணர் அவருடைய தலையைப் பிடித்து, பெருவிரல் பதிந்த செங்கல் தூணில் இரண்டு முறை மோதினார். கட்டைக்காரர் கைகளைத் தூக்கித் தடுக்கவில்லை. “நீங்கதானே சொன்னீங்க” என்று ஒரு முறை சொன்னார். பல் உடைந்த வாயில் அது தெளிவாக வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு சீக்கியக் காவலரும் அவரை இழுத்துப்போய் விளக்கறையில் வைத்துப் பூட்டினார்கள்.

ஐந்தரை மணிக்கு, காயப்பட்டவரை ரயிலில் ஏற்றி எல்லாரும் மேடையில் நின்றபோது, நான் கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். கட்டடத்தின் அளவுகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. வேட்டி நனைந்து, மிதிபட்டுக் கிடந்தது. கடப்பாரைகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. சம்மட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வேட்டியின் ஓரத்தில் முட்டுக்கட்டைகள் இல்லை. அவை இருந்த இடத்தில் துணி நனையாமல், ஆறு நீள்சதுரங்கள் வெள்ளையாக இருந்தன.

யார்டுக்கு நடந்தேன். பாறையின் மேல், வேகன்கள் முன்பு நின்ற இடத்தில், தண்டவாளத்துக்கு வெளியே ஆறு கட்டைகளும் கிடந்தன. மழை குங்குமத்தைக் கழுவியிருந்தது. சந்தனம் மரத்தின் ரேகைகளுக்குள் மஞ்சளாக நின்றது. மண்டோர் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கடந்து போகையில் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய உள்ளங்கைகள் மஞ்சளாக இருந்தன.

கட்டைகள் எங்கே இருந்தன என்பதில்தான் இனி எல்லாம் இருந்தது. பூசை வேட்டியில் இருந்தால், எடுத்து வரச் சொன்னவர் மண்டோர். தண்டவாளத்தின் அருகே இருந்தால், கையெட்டும் தூரத்தில் கிடந்த கட்டையை வைக்காமல் விட்டவர் கட்டைக்காரர், அவருக்குச் சிறை. நான் இரண்டு இடத்தையும் நேரத்தையும் நோட்டில் எழுதினேன்.

தம்பி மறுநாள் விஜயதசமியன்று முற்பகல் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். அதே நேரத்தில் என்ஜினீயர் துரை நிலையத்துக்கு வந்தார். கேட்டது ஒரே கேள்வி: கட்டை எங்கே இருந்தது. மண்டோர் யார்டைக் காட்டினார். துரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, கைகளைக் கட்டி உட்காரவைத்திருந்த கட்டைக்காரரின் முகத்தில் பிரம்பால் குறுக்காக இரண்டு முறை அடித்தார். ஒரு காது பிளந்தது. காவலர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லி அறிந்தேன்.

நான் அப்போது சிராங்கூன் ரோட்டில், தேக்கா கசாப்புக் கொட்டகைக்குப் பின்புறம், ஒரு மளிகைக்கடையின் மாடியில் தங்கியிருந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மண்டோரும் இன்னும் இருவரும். மண்டோருக்குத் தலை மழித்திருந்தது.

“நோட்டக் குடுய்யா.”

கொடுக்கவில்லை. ஒருவர் என் கழுத்தைப் பின்னாலிருந்து மடக்கினார். மண்டோர் வாயில் ஒரு முறை குத்தினார். நோட்டைப் பிடித்திருந்த என் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தார். கீழே மாடுகளை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விரல் ஒடிந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“என் தம்பிய நானே கொன்னேன்னு அச்சடிக்கப் போறியா?”

“பூசையில் ஆறு கட்டை இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன்.”

“அதுதான்யா அது.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. பட்டியல் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. கூட வந்தவரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. விரலை ஓட்டிக் காட்டினார். மண்டோர் முன்னும் பின்னுமாக நான்கு தாள்களைக் கிழித்து, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி நின்றார்.

“எங்க ஆத்தா ஊர்ல இருக்கா. ஒங்க பேப்பர் அங்கயும் போவுது. யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாங்க.”

திங்கட்கிழமை நினைவிலிருந்து செய்தியை எழுதினேன். பட்டியலும் நினைவில் இருந்தது. அச்சகத்தின் முதலாளி நாகூர்க்காரர். சாமான் வியாபாரத்தோடு பத்திரிகையும் நடத்தினார். கட்டுப்போட்ட என் கையைப் பார்த்தார், எதனால் என்று கேட்டார், சொன்னேன். தாளை இரண்டு முறை படித்தார்.

“தம்பி, விசாரணை வருது. அதுக்கு முந்தி நாம கட்டை இங்கே இருந்துச்சு, அங்கே இருந்துச்சுன்னு எழுதினா, நாமதான் தீர்ப்புச் சொன்ன மாதிரி. கோர்ட்டுல கேட்டா அங்கே சொல்லுங்க. இங்கே ‘முதலிய கருவிகள்’னு போட்ருங்க.”

அது நியாயமாகத்தான் பட்டது. நானே பென்சிலால் அடித்தேன். “சம்மட்டி, கடப்பாரை முதலிய கருவிகள் பூசையில் வைக்கப்பட்டிருந்தன” என்று அச்சாயிற்று. மிச்சமான இடத்தில் வட்டச் சன்னலின் ஆறு ஆரங்களைப் பற்றிய வரி இடம்பெற்றது.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. கட்டைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பிளந்த காது கோணலாகப் பொருந்தியிருந்தது. சாட்சிக்கு வந்த பதினான்கு கூலிகளும் புகையில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அது பொய்யும் அல்ல. மண்டோர், கட்டைகளைப் பூசைக்குக் கேட்கவே இல்லை என்றார். ஸ்டேஷன் மாஸ்டர், தான் மிதித்தேறியபோது கடப்பாரையை மட்டுமே பார்த்ததாகச் சொன்னார். சரிவைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசையின் மேல் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தார்கள். புதிதாகத் தார் பூசியிருந்தது. வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு பூசுவது வழக்கம் என்று துரை சொன்னார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். வேட்டியில் ஆறு கட்டை. பின்பு வேட்டியில் ஆறு வெள்ளைச் சதுரங்கள். யார்டில் ஆறு கட்டை. நீதிபதி நோட்டைக் கேட்டார். கிழிந்த நோட்டைக் கொடுத்தேன். கிழித்தவர் யார் என்பதையும் சொன்னேன். மண்டோர் மறுத்தார். அன்று காலை அவர் தம்பியின் சாம்பலைக் கரைக்கக் கடற்கரைக்குப் போயிருந்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் என் கழுத்தை மடக்கியவர்.

நீதிபதி எங்கள் பத்திரிகையை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவர் படித்தார். நீதிபதி ஏதோ கேட்டார்.

“முட்டுக்கட்டை என்ற சொல் இதில் இல்லையே, ஏன் என்று கேட்கிறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“இடம் போதவில்லை” என்றேன். முதலாளி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

யார்டு சரிவாக இருப்பதைச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன். நான் என்ஜினீயரா என்று கேட்கச் சொன்னார் நீதிபதி. இல்லை என்றேன். யார்டு அனுமதிக்கப்பட்ட அளவில்தான் இருக்கிறது என்றார் துரை.

கடைசியில் கட்டைக்காரரிடம் கேட்டார்கள். கட்டையைக் கொண்டுவரச் சொன்னது மண்டோர் என்றார். கல் வைத்தால் போதும் என்று சொன்னது யார்?

“நாந்தாங்க சொன்னேன். கல்லே போதும்னு நாந்தான் சொன்னேன்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார்.

ஒன்பது மாதம் கடுங்காவல். மனைவி லயனைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். மண்டோர் கைத்தாங்கலாக வெளியே வந்தார். வாசலில் கட்டைக்காரரின் மனைவி அவர் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள். அவர் துடைக்காமல் நின்றார்.

அந்த நிலையத்தைப் பற்றிய பத்தியை நான் முடிக்கவில்லை. கொட்டகையைப் பிற்பாடு மூன்று நான்கு முறை ரயிலிலிருந்து பார்த்தேன். முகப்பில் இரண்டு தூண்கள் புதிய செங்கல்லில் இருந்தன; பெருவிரல் பதிந்த தூணும் அவற்றில் ஒன்று.

கட்டைக்காரர் உள்ளே போன ஏழாம் மாதம், யார்டின் மேல்முனைப் பாறையில் துளை போட்டு வெடி வைத்தார்கள். இரண்டரை அடியும் எடுத்து யார்டைச் சமதளமாக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று.